பழைய பெரிய பைக்கை ஓட்டிப் பார்க்கும்போது: எது வண்டியின் சுபாவம், எது கோளாறு

ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா மாதிரி 100 சிசி வண்டியைப் பல வருஷம் ஓட்டிவிட்டு, கிளாசிக் 350, டியூக் 390, டாமினார் 400 என்று ஏதாவது ஒன்றைப் பழையதாக வாங்கப் போகிறவருக்கு முதல் தடவை ஓட்டும்போது எல்லாமே புதிதாகத் தெரியும். கனமாக இருக்கும், காலில் சூடடிக்கும், கியர் விழும்போது சத்தம் வரும், மெதுவாகப் போனால் உதறும். இதில் ஒரு பகுதி அந்த வண்டியின் சுபாவம். இன்னொரு பகுதி கோளாறாக இருக்கலாம். பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நல்ல வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அல்லது "பெரிய வண்டின்னா இப்படித்தாங்க இருக்கும்" என்று விற்பவர் சொல்வதை நம்பி, இன்ஜின் பிரிக்க வேண்டிய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம்.

இன்னொன்றும் உண்டு. பெரிய இன்ஜின் தன் குறையைச் சமதரையில் வெளிக்காட்டாது. சேலம் ஐந்து ரோட்டில் இருந்து அஸ்தம்பட்டி வரை போய்வர 350 சிசி இன்ஜினுக்குக் கால்வாசி பலம் போதும். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தாலும் பிஸ்டன் ரிங் போயிருந்தாலும் அந்தத் தூரத்தில் தெரியாது. அதை வெளியே கொண்டுவரப் பாரம் வேண்டும், ஏற்றம் வேண்டும். சேலத்தில் அதற்கு அலையவே வேண்டாம். ஊர் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முழுவதும் ஏற வேண்டும் என்றுகூட இல்லை. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் இருந்து முதல் சில வளைவுகள் ஏறி இறங்கினாலே வண்டி பாதிக்கு மேல் பேசிவிடும்.

போவதற்கு முன்

வார நாளில், விடிந்த கையோடு போங்கள். சனி, ஞாயிறு சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே பழக்கமில்லாத கனத்த வண்டியில் எதையும் கவனிக்க முடியாது. குப்பனூர் வழியாக ஏறும் சாலையும் இருக்கிறது. அங்கே நடமாட்டம் குறைவு. வண்டி நின்றுபோனால் உதவிக்கு ஆள் கிடைக்க நேரமாகும் என்பதால் இதற்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

நண்பர் ஒருவரை இன்னொரு வண்டியில் பின்னால் வரச் சொல்லுங்கள். புகையும் சக்கரத்தின் கோணலும் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்குத் தெரியும். ஆர்.சி., நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸ், உங்கள் லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் இருக்க வேண்டும். மலைக்குக் கொண்டுபோவதை ஓனரிடம் நேராகவே சொல்லி அனுமதி வாங்குங்கள். தயங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டாம். முன்பின் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. "சரிங்கண்ணா, நீங்களே ஓட்டுங்க, நான் பின்னாடி உட்கார்ந்து வர்றேன்" என்று கேளுங்கள். இரண்டு பேர் பாரத்தோடு ஏறினால் சோதனை இன்னும் நன்றாகவே நடக்கும். அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பார்க்கலாம்.

ஸ்ப்ளெண்டரில் நான்கு கியரும் முன்பக்கம் மிதித்தே போடுவது. பெரிய வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே. பழக்க தோஷத்தில் 60-இல் போகும்போது கீழே மிதித்தால் கியர் குறைந்து பின்சக்கரம் இழுபடும். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் என்றால் பெரும்பாலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மலைக்குப் போகும் முன் காலியான தெருவில் கால் பழகும்வரை ஓட்டிவிடுங்கள்.

நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறது

முதல் நாளே போனில், "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறும்வரை காத்திருக்கலாம், அல்லது இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். குளிர்ந்த இன்ஜினில்தான் ஸ்டார்ட்டிங் தொந்தரவு, டைமிங் செயின் சத்தம், வால்வ் சீல் (வால்வைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) புகை மூன்றும் வெளியே வரும். சூடேற்றி வைத்த வண்டியில் மூன்றும் காணாமல் போய்விடும்.

செல்ஃப் அடிக்கும்போது 'டக் டக்' என்று ரிலே மட்டும் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி. ஒரு மல்டிமீட்டர் கையில் இருந்தால் நல்லது. வண்டி நிற்கும்போது 12.5 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது ஆக்சிலேட்டர் கொஞ்சம் கொடுத்தால் 13.5-இல் இருந்து 14.5-க்குள்ளும் காட்ட வேண்டும். நிற்கும்போது மட்டும் குறைந்தால் பேட்டரி, அதற்கான விலையைக் கழித்துக்கொள்ளலாம். ஓடும்போதும் ஏறவில்லை என்றால் ரெகுலேட்டரோ, மின்சாரம் உண்டாக்கும் காயிலோ போயிருக்கும், செலவு கூடும்.

புகை வருகிறது

நிறமும் நேரமும் முக்கியம். குளிர்ந்த வண்டியை எழுப்பியதும் மெல்லிய வெள்ளைப் புகை வந்து சில நிமிடத்தில் நின்றுவிட்டால் அது சைலன்சரில் இருந்த ஈரம். பயப்பட ஒன்றும் இல்லை. டியூக் மாதிரி கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வண்டியில் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை மலைப்பாதை காட்டிக்கொடுக்கும். ஏறும்போது ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க நீலப்புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டரின் உள்சுவர்) வேலை. ஏறும்போது சுத்தமாக இருந்து, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி கியரில் சிறிது தூரம் வந்துவிட்டு மறுபடி முறுக்கும்போது ஒரு கொத்து நீலப்புகை வந்தால் வால்வ் சீல். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது இன்ஜினுக்குள் உறிஞ்சும் விசை அதிகம், சீல் தளர்ந்திருந்தால் ஆயிலை அதன் வழியாக இழுத்துவிடும். வால்வ் சீல் மாற்ற ஹெட்டைக் கழற்றினால் போதும், விலை பேசி வாங்கலாம். ரிங் போன வண்டியில் பிளாக், பிஸ்டன் எல்லாம் சேர்ந்து வரும். மெக்கானிக்கிடம் முழுச் செலவைக் கேட்டுக் கழிக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, கார்புரேட்டர் டியூனிங், சென்சார் என்று காரணம் இருக்கும், பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது.

இன்ஜின் கூச்சல் போடுகிறது, வேகம் கூடவில்லை

ஏற்றத்தில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுவதும் கொடுங்கள். இன்ஜின் வேகமும் வண்டி வேகமும் ஒன்றாக ஏற வேண்டும். ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) மீட்டரோ, அது இல்லாத வண்டியில் இன்ஜின் சத்தமோ மட்டும் குதித்து, ஸ்பீடோ மெல்ல நகர்ந்தால் கிளட்ச் நழுவுகிறது. டவுனுக்குள் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதால்தான் மலையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நழுவினால் உடனே கிளட்ச் பிளேட் போச்சு என்று முடிவு செய்யாதீர்கள். முதலில் கிளட்ச் லீவரின் முனையில் கொஞ்சம் லூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறத்தாழ 10-15 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் லீவரை யாரோ எப்போதும் அரைகுறையாகப் பிடித்திருப்பதற்குச் சமம், நல்ல பிளேட்டும் நழுவும். அட்ஜஸ்டரைத் திருகி லூஸ் வைத்துவிட்டு அதே ஏற்றத்தில் மறுபடி பாருங்கள். சரியாகிவிட்டால் செலவே இல்லை. ஆனால் எவ்வளவு நாள் அப்படியே ஓடியதோ, அதற்கேற்ப பிளேட் தேய்ந்தும் இருக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

அடுத்தது ஆயில். பைக்கின் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து வேலை செய்கிறது. கார் ஆயிலை ஊற்றியிருந்தால் அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்களால் கிளட்ச் வழுக்கும். கடைசியாக எந்த ஆயில் ஊற்றினீர்கள் என்று சாதாரணமாகப் பேச்சுவாக்கில் கேளுங்கள். இந்த இரண்டும் இல்லை என்றால் பிளேட், ஸ்பிரிங் மாற்ற வேண்டியதுதான். பெரிய வண்டியில் இது வழக்கமான தேய்மானம், வண்டியை ஒதுக்கக் காரணம் ஆகாது. ஷோரூமில் கிளட்ச் செட் விலையும் கூலியும் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.

லீவரை முழுவதும் பிடித்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது, நியூட்ரல் கிடைக்கவில்லை என்றால் எதிர்ப்பக்கக் கோளாறு, கிளட்ச் முழுதாக விலகவில்லை. லூஸ் அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலே போகப் போக மூச்சு வாங்குகிறது

இதில் நல்ல வண்டியைத் தவறாக நினைத்துவிட வாய்ப்பு அதிகம். ஏற்காட்டின் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முன்னால் வந்த கார்புரேட்டர் வண்டிகள் காற்று குறைந்ததைத் தெரிந்துகொண்டு பெட்ரோலைக் குறைக்காது. அதனால் மேலே இழுவை கொஞ்சம் மந்தமாகும், ஸ்லோ (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஆட்டம் காணும். கீழே வந்ததும் பழையபடி ஆகிவிட்டால் வண்டியில் குறை இல்லை. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைத் தானே சரிசெய்துகொள்ளும். பலம் சற்றுக் குறைந்தாலும் ஓட்டம் சீராக இருக்க வேண்டும். ஏப்ரல் 2020-க்குப் பிறகு தயாரான பெரிய வண்டி மேலே போய் விக்கினால் சென்சார், ஃபியூல் பம்ப், ஸ்பார்க் பிளக் என்று பார்க்க வேண்டும்.

முதல் வளைவுகளிலேயே திணறினால் உயரத்தைக் காரணம் சொல்ல முடியாது. சூடேறச் சூடேற மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவது) அதிகமாகி, கொஞ்சம் ஆறவிட்டால் சரியாகிறது என்றால் பிளக்குக்குப் பொறி தரும் காயிலோ, பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்போ இருக்கலாம். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய் வண்டி ஓடத் தொடங்கினால் துளைதான்.

இன்னொன்று, ஓட்டும் பழக்கம். ஸ்ப்ளெண்டரில் 35-இல் டாப் கியர் போட்டுப் பழகியவர் டியூக்கில் அதைச் செய்தால் வண்டி உதறிக்கொண்டுதான் போகும். ஒற்றை சிலிண்டர் பெரிய இன்ஜினைக் குறைந்த ஆர்.பி.எம்மில் உயர்ந்த கியரில் ஏற்றினால் அப்படித்தான். ஒரு கியர் குறைத்துப் பாருங்கள், உதறல் போய்விட்டால் குறை உங்கள் பழக்கத்தில்.

கியர் நழுவி வெளியே வருகிறது

இரண்டிலோ மூன்றிலோ ஏறும்போது, அல்லது இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கில் (ஆக்சிலேட்டரை மூடி கியரிலேயே) வரும்போது, கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே கியர் பல் அல்லது கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது. இன்ஜினைப் பிளக்காமல் சரிசெய்ய முடியாது. வளைவில் கியர் கழன்றால் வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம். முதல் கியர் விழும்போது வரும் 'டொக்' சத்தத்தை இதோடு குழப்ப வேண்டாம். பெரிய வண்டிகளில் அது இயல்பு.

ஒரு பக்கம் இழுக்கிறது, ஹேண்டில் ஆடுகிறது

கனத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாத அறிகுறி இது. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் 110 கிலோவை ஒட்டி. கொண்டை ஊசியில் மெதுவாகத் திரும்பும்போது உள்பக்கமாக விழப்போவது மாதிரி தோன்றுவது அந்தக் கனத்தால். இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஆனால் நேராகப் போகும்போதே ஒரு பக்கம் போகப் பார்த்தால் அது பழகாது, பழகவும் கூடாது.

முதலில் டயர் காற்றைச் சரியாக வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு நண்பரிடம், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று கேளுங்கள். ஒரே கோட்டில் இல்லையென்றால் செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே குறியில் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்திருந்தால் பின்சக்கரம் கோணலாக நிற்கும், ஸ்பேனர் வைத்தே சரிசெய்யலாம். அட்ஜஸ்டரும் சரி என்றால் விபத்தைத் தேட வேண்டும். ஹேண்டிலை முழுவதும் திருப்பினால் சேஸிஸில் ஒரு ஸ்டாப்பரில் போய் இடிக்கும். அந்த ஸ்டாப்பர் நசுங்கியோ, உடைந்து வெல்டிங் வைத்தோ, அங்கே மட்டும் புதுப் பெயின்ட் அடித்தோ இருந்தால் வண்டி முன்பக்கம் பலமாக அடிவாங்கியிருக்கிறது. சேஸிஸ் எண் அடித்திருக்கும் இடம் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான். எழுத்துகள் சீராக இருக்கின்றனவா, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். சேஸிஸ் வளைந்த வண்டியை மலிவு என்று வாங்காதீர்கள்.

ஹேண்டில் நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுவது மாதிரி பிடித்துக்கொண்டால் கோன் செட் (ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்) தேய்ந்திருக்கிறது. முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹேண்டில் கழுத்தில் 'டக்' என்று அசைவு தெரிந்தாலும் கோன் செட்டை டைட் செய்யவோ மாற்றவோ வேண்டும். செலவு பெரிதில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஆயில் வளையம் தெரிந்தால் சீல் மாற்றலாம். குழாயே துருவால் குழிவிழுந்திருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும்.

இந்த ஆட்டத்தை வேகத்திலும் பார்க்க வேண்டும். கருப்பூர் தாண்டி ஓமலூர் போகும் நால்வழிச் சாலை அதற்குப் போதும், 80-ஐத் தாண்டத் தேவையில்லை. கையை விட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். பிடியை மட்டும் தளர்த்தினாலே தெரிந்துவிடும்.

இறக்கத்தில் பிரேக்

அடிவாரம் வரும்வரை பிரேக்கை மட்டும் நம்பி வராமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். முதல் சில வளைவுகளில் நன்றாகப் பிடித்த முன்பிரேக், போகப் போக லீவர் பஞ்சுமாதிரி ஆகி ஹேண்டில் வரை வந்தால், ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூட்டில் கொதித்துக் குமிழியாகும். பிரேக் ஆயில் மாற்றிக் காற்றெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். இதற்காக வண்டியை விட வேண்டாம். அன்று அதற்கு மேல் ஓட்டவும் வேண்டாம்.

லீவர் விரலில் துடிப்பது இரண்டு காரணத்தால். சரளையில் பலமாகப் பிடிக்கும்போது படபடவென்று அடித்தால் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது, முதல் தடவை பயமாக இருக்கும். நல்ல சாலையில் மெதுவாகப் பிடிக்கும்போதும் சக்கரம் சுற்றும் கணக்கில் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது.

ஏபிஎஸ் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். கோளாறை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம். இன்ஜின் விளக்குக்கும் இதே கணக்கு, ஆனால் அது இன்ஜின் ஸ்டார்ட் ஆனதுமே அணைய வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் ஏப்ரல் 2019-இல் இருந்து ஏபிஎஸ் கட்டாயம், அதற்குப் பிந்தைய வண்டியில் இல்லாமல் இருக்கக் கூடாது.

டயரையும் இங்கே பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப்போன டயர் ஈரமான வளைவில் வழுக்கும்.

அதிர்வு, சூடு

2021-க்கு முந்தைய கிளாசிக் 350-இல் 80-ஐத் தொடும்போது கால்வைக்கும் இடமும் கண்ணாடியும் அதிர்வது அந்த இன்ஜினின் சுபாவம். 2021-இல் வந்த புது மாடலில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது; அதுவும் அப்படியே அதிர்ந்தால் இன்ஜின் மவுன்ட் போல்ட், செயின், சக்கரம் என்று தேடுங்கள். செயினை ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் பிடித்து இழுங்கள். பல் தெரிகிற அளவு தூக்கினால் செயின் செட் மாற்ற வேண்டும்.

டியூக்கில் காலில் சூடடிப்பது இயல்பு, அதுவும் சேலத்துச் சித்திரை வெயிலில். ஆனால் ஃபேன் ஓட வேண்டும். ஐந்து ரோடு சிக்னலில் நின்று பாருங்கள். டெம்பரேச்சர் கோடுகள் ஏறிக்கொண்டே போயும் ஃபேன் சத்தம் வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள், இன்ஜினைக் கெடுத்தது நீங்கள் என்ற பேச்சு வரக்கூடாது.

ஓட்டி முடித்த பிறகு

சூடாக இருக்கும்போதே நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எழுப்புங்கள். காலையில் ஒரே அடியில் எழுந்த வண்டி இப்போது முரண்டு பிடித்தால், வால்வ் இடைவெளி இறுகிப்போயிருக்கலாம். டேப்பட் அட்ஜஸ்ட் செய்து (அந்த இடைவெளியைச் சரிசெய்து) பார்க்காமல் விலை முடிக்க வேண்டாம். டேப்பட் சத்தமே வராத பழைய ஏர்கூல்டு இன்ஜினை விட, லேசாகத் 'டிக் டிக்' என்று கேட்கும் இன்ஜினைத்தான் நான் நம்புவேன். ஹைட்ராலிக் டேப்பட் உள்ள 2021-க்கு முந்தைய கிளாசிக் 350-க்கு மட்டும் இந்த டேப்பட் கணக்கு பொருந்தாது. கனமான 'டொக் டொக்' அடியிலிருந்து வந்து, பாரம் ஏற ஏற அதிகமானால் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் இன்ஜின் தண்டு) வேலை. அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். பிறகு ஒரு டீ குடிக்கும் நேரம் வண்டியை அட்டை மேல் நிறுத்தி வையுங்கள். ஆயில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே எந்த சீல் என்று பார்த்தால் போதும்.

எல்லாம் ஒத்துவந்தால் ஆர்.சி.யில் லோன் குறிப்பு இருக்கிறதா, சல்லான் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். லோன் முடிந்தும் குறிப்பு நீங்காமல் இருந்தால் வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறும்வரை விபத்து நடந்தால் பொறுப்பு ஆர்.சி.யில் இருப்பவருக்கு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அவசரம் விற்பவருக்கும் உண்டு. கையெழுத்து ஆகும்போதே முழுப் பணத்தையும் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.